வாங்க சொல்வதற்கு முன்

எனக்கு வந்தது பெருங்குடலில் புற்றுநோய். இதை இப்படி நேராக எழுதுவதற்கு எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. ஊருக்குள் இன்றைக்கும் அதற்கு அல்சர் என்றுதான் பேர். அல்சருக்கு எதற்கு இத்தனை தடவை சேலம் போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்தும் கேட்காமல் இருப்பது எங்கள் பக்கத்து மரியாதை. அந்த மரியாதையில்தான் நான் பாதி கெட்டேன்.

ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் மரவள்ளி, மூன்று மாடு. மாடுகள் என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால் கறப்பது நான்தான். மாட்டு மடியில் என் வீட்டுக்காரர் கை வைத்தால் போதும், செவலைப் பசு காலைத் தூக்கிவிடும்.

வெளிக்குப் போகும்போது இரத்தம் வந்தது. சூடு என்று நினைத்தேன். இல்லை, சூடு என்று சொல்லிக்கொண்டேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், இளநீர் குடித்தேன், வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. எந்த வாயால் இதைச் சொல்வது? கடைசியில் பால் சொசைட்டியில் கேனோடு மயங்கி விழுந்து, நாலு பேர் தூக்கி உட்காரவைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. முதலில் கேமரா பரிசோதனை. குடலைக் கழுவ ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்வார்கள், அது வயிற்றைத் துடைத்துவிடும். பிறகு நுனியில் கேமரா வைத்த குழாயைப் பின்வழியாக விட்டுக் குடலுக்குள் பார்ப்பார்கள். வலி அவ்வளவாக இல்லை. பின்பக்கம் திறந்த ஒரு பச்சை கவுனைக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்காரச் சொன்னார்களே, அதுதான் தாங்கவில்லை. இரண்டு கையாலும் துணியைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரும் அப்படித்தான் பிடித்திருந்தார். இருவரும் சுவரைப் பார்த்தோம்.

கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதையைச் சோதித்துவிட்டு, புற்றுநோய்தான் என்றார் டாக்டர். ஒரு சாண் குடலை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். உடம்பில் எங்காவது மிச்சம் ஒளிந்திருந்தால் அதையும் அழிக்க, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். கீமோ என்பது அதுதான். ஒவ்வொரு தடவையும் வார்டில் இரண்டு நாள் தங்க வேண்டும்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் 'வாங்க' என்று சொல்லிவிட வேண்டும். தலைபோகிற வேலையாக இருந்தாலும், ஆகாதவர்களாகவே இருந்தாலும் சொல்ல வேண்டும். வாங்க சொல்லவில்லை என்று பத்து வருடம் பேச்சு நின்றுபோன பங்காளி வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. வந்தவர்களிடம் நம் வலியையும் வேதனையையும் கொட்டக் கூடாது. உட்காரவைத்து, குடிக்க ஏதாவது கொடுத்து, "நல்லா இருக்கறனுங்க, நீங்க நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்க வேண்டும். என் கட்டிலுக்கு வேன் பிடித்து வந்தவர்களிடம் எல்லாம் அப்படித்தான் கேட்டேன். ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும், இன்னொரு கையால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டுவேன்.

முதல் சுற்றிலேயே ரேவதி வந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, இப்போது நர்சிங் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவள். மெலிந்த உடம்பு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லட்.

"அம்மா, உங்ககிட்ட தினமும் சில கேள்வி கேக்கணும்மா. உங்களுக்கு இஷ்டம்னாதான். வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம்" என்றாள்.

"வாங்க சாமி, மொதல்ல உக்காருங்க. ஏனுங்க, பாப்பாவுக்கு அந்த ஆரஞ்சை உரிச்சுக் குடுங்க."

அவள் பொறுமையாக விளக்கினாள். ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்தாலும் ஒருத்தருக்கு வாந்தி வருகிறது, இன்னொருத்தருக்கு விரல் மரத்துப்போகிறது, வேறொருத்தர் எழுந்து வேலைக்குப் போகிறார். ஏன் அப்படி என்று முன்கூட்டியே தெரிந்தால் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி மருந்தை அளந்து வைக்கலாம். இரத்தத்தைச் சோதித்தால் பாதிதான் தெரியும், மீதியை நோயாளிதான் சொல்ல வேண்டும். அதனால் இந்த வார்டு நர்ஸுகளும், இவள் கல்லூரியும், வேறு ஊரில் இருக்கும் இன்னொரு கல்லூரியும் சேர்ந்து, ஒவ்வொருவருக்கும் உடம்பு என்ன செய்கிறது என்று கேட்டுத் தொகுக்கிறார்கள். டாக்டரும் அதைப் பார்த்துத்தான் அடுத்த சுற்றின் அளவை முடிவு செய்வார்.

"விரல் மரப்பு, கால் மரப்பு வந்தா ஒடனே சொல்லிடணும்மா. ஆரம்பத்துல சொன்னா மருந்தைக் கொறைச்சுக்கலாம், சரியாயிடும். விட்டுட்டா நரம்பு கெட்டு அப்படியே நின்னுடும். ஜில்லுனு எதையும் தொடாதீங்க, குடிக்காதீங்க. இந்த மருந்துக்குக் குளிர்ச்சி ஆகாது."

எல்லாம் புரிந்தது. எனக்குப் படிப்பு குறைவே தவிர புத்தி குறைவில்லை. அவள் கேட்டாள், "வலி எவ்வளவும்மா? ஒண்ணுமே இல்லன்னா ஜீரோ, தாங்கவே முடியலன்னா பத்து."

"ஒண்ணுமில்லீங்க."

"மரப்பு?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லா இருக்கறனுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் சிரித்துக்கொண்டே ஜீரோ போட்டாள். அன்றைக்கு அது உண்மையும்கூட.

பக்கத்துக் கட்டிலில் சூரமங்கலம் மல்லிகா. ஜங்ஷன் பக்கம் டிபன் கடை வைத்திருப்பவள், எனக்கு வந்த அதே நோய், அதே மருந்து. ரேவதியின் தலையைக் கண்டதும் ஆரம்பித்துவிடுவாள்.

"வா ரேவதி, உன்னத்தான் பாத்துட்டு இருந்தேன். நாக்குல உப்பு தெரியல. கால்ல எறும்பு ஊருற மாதிரி இருக்கு. மொத வாய் மென்னா தாடை வெட்டுது. நேத்து பேதி, பாத்ரூம் போறதுக்குள்ள பொடவையிலயே ஆயிடுச்சு. எழுதிக்கிட்டியா?"

புடவையில் ஆனதை வார்டு முழுக்கக் கேட்க ஒருத்தி சொல்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பொம்பளைக்கு வெட்கமே கிடையாதா என்று அவரிடம் முணுமுணுத்தேன். அவள் காதில் விழட்டும் என்றுதான் முணுமுணுத்தேன். விழுந்தும் இருக்கும்.

மூன்றாம் சுற்றுக்குப் பிறகு எனக்கும் தொடங்கியது. விடியற்காலையில் பால் கேனின் பிடியைத் தொட்டேன், கரண்ட் அடித்ததுபோல் கை உதறியது. அப்புறம் விரல் நுனிகள் தடித்துப்போயின, உறை மாட்டிக்கொண்டு தொடுவதுபோல் இருந்தது. எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியாமல் காம்பை நசுக்கிவிட்டேன் போலிருக்கிறது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் செவலை என்னை உதைத்தது. அன்றையிலிருந்து வீட்டுக்காரர் கறந்தார், மாடும் அவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே.

ரவிக்கைக் கொக்கியும் போட வரவில்லை. ஒருநாள் விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, கொக்கி வளையத்தில் மாட்டாமல் மாட்டாமல் நழுவ, அழுகையும் ஆத்திரமுமாக நின்றேன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த வீட்டுக்காரர், ஒன்றும் கேட்காமல், மண்வெட்டி பிடித்துக் காய்த்த அந்த விரல்களால் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். ஒரு கொக்கி மாறிப்போய் மறுபடி கழற்றி மாட்டினார். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர் முன்னால் என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. தினமும் அதே வேலை அவருக்கு. அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அந்தச் சுற்றில் ரேவதி கேட்டாள், "மரப்பு எவ்வளவும்மா?"

"இல்லீங்க சாமி. நல்லா இருக்கறன்."

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். வந்திருப்பவள் முன்னால் பெண்டாட்டியின் பேச்சை மறுத்துப் பேச அவருக்கும் வரவில்லை. நானும் வேண்டுமென்று மறைக்கவில்லை. நாலு பேர் நடமாடும் இடத்தில், ஆரஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், எனக்குக் கொக்கி போட வரவில்லை என்று எப்படிச் சொல்வது? வாய் தானாக நல்லா இருக்கறன் என்று சொல்லிவிட்டது. மல்லிகாவைப் போல் ஆகிவிடக் கூடாது என்ற திமிரும் அதில் கொஞ்சம் இருந்தது.

ஒருநாள் என் நாத்தனார் வார்டுக்கு ஆசையோடு ரோஸ் மில்க் வாங்கி வந்தாள். ஐஸ் மிதந்தது. ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள், "ஒரு வாய் குடிங்க அண்ணி" என்று நீட்டுகிறாள், எப்படி வேண்டாம் என்பது? ஒரு வாய் குடித்தேன். தொண்டை இறுகியது. மூச்சு உள்ளே போகிறதா இல்லையா என்று தெரியவில்லை. இந்த மருந்து குளிர்ச்சி பட்டால் தொண்டை நரம்பைச் சுண்டி இழுக்குமாம், மூச்சு போய்க்கொண்டுதான் இருக்கும், ஆனால் நின்றுவிட்டதுபோல் தோன்றும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நிமிடம் சாகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்ட, "பொரை ஏறிக்கிச்சு கண்ணு, நீ குடி" என்று டம்ளரை அவளிடமே கொடுத்தேன். மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது பொரை இல்ல. ரேவதிகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மெதுவாக.

"உங்க வேலையைப் பாருங்க" என்றேன். வந்தவர்களிடம் காட்டாத முகத்தை அவளிடம்தான் காட்டினேன்.

இரண்டு சுற்று கழித்து ஒரு கூட்டமே வந்தது. ரேவதி, அவள் கல்லூரிப் பேராசிரியை, வெளியூர்க் கல்லூரியிலிருந்து இரண்டு பேர், வார்டு சிஸ்டர். எல்லோரும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாங்க சொன்னேன்.

"இவங்கதான் மேடம்" என்றாள் ரேவதி. அவள் குரலில் ஒரு பெருமை. "முழு அளவு மருந்து போகுது, ஒரு தொந்தரவும் இல்ல. தொடர்ந்து எல்லாமே ஜீரோ."

பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஒடம்புல ஏதோ ஒண்ணு இந்த மருந்தைத் தாங்குதும்மா. அது என்னன்னு கண்டுபிடிச்சா எத்தனையோ பேருக்கு உதவும். இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கலாமா? இஷ்டம் இருந்தா மட்டும்."

அவர் பிடித்திருந்த கையில் அவர் பிடி எனக்குத் தெரியவில்லை. "எடுத்துக்குங்க சாமி, அதுக்கென்ன" என்றேன். அதிகப்படியாக ஒரு குழாய் இரத்தம் எடுத்தார்கள். இல்லாத வரத்தை அதில் தேடுவதற்காக அதைப் பத்திரமாகப் பனிப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். இத்தனை பேர் இவ்வளவு மரியாதையாக நிற்கும்போது, இவ்வளவு நாளும் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சுற்றுக்குப் போன அன்று உச்சி வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தோம். வாசலில் வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். "ஏம்மா, இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன், காலுக்கு அது தெரியவில்லை. பாதத்தில் தோல் பொங்கியிருந்தது. வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒற்றைச் செருப்போடு அங்கே நின்றபோது, அந்தப் பச்சை கவுனே தேவலை என்று தோன்றியது.

வார்டில் டாக்டரும் ரேவதியும் வந்து பாதத்தைப் பார்த்தார்கள். ரேவதி பஞ்சால் காலைத் தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போது சொல்லச் சொன்னாள். நான் எதையும் சொல்லவில்லை, தொட்டதே தெரியவில்லை.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

என் வாய், நம்புவீர்களோ மாட்டீர்களோ, அப்போதும் சொன்னது: "இன்னைக்குத்தானுங்க. மத்தபடி நல்லாத்தான்..."

"இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "பொய்யிங்க அது. கையும் மரத்துப் போச்சுங்க. ரெண்டு மாசமா ஜாக்கெட்டுக் கொக்கி நாந்தானுங்க போட்டு உடறன். மாடு கறக்கறதும் நாந்தானுங்க. வந்தவீங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு இவளும் சொல்லல, நானும் வாயை மூடிக்கிட்டு நின்னுட்டனுங்க."

வார்டு முழுக்க அதைக் கேட்டது. ஜாக்கெட்டுக் கொக்கி என்ற சொல் சுவர் சுவராக மோதியதுபோல் இருந்தது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே இருந்தபடி டாக்டர் சொல்வதைக் கேட்டேன். கையையும் காலையும் மரக்க வைக்கும் மருந்தை இன்றோடு நிறுத்திவிடலாம், மற்றது தொடரட்டும். நரம்பு திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது. முன்பே தெரிந்திருந்தால் முன்பே அளவைக் குறைத்திருப்பேன் என்றார்.

எல்லோரும் போன பிறகு ரேவதி நின்றாள். போர்வையை விலக்கிப் பார்த்தேன். அவள் கண் சிவந்திருந்தது.

"உங்க ஜீரோவை நாந்தாம்மா டாக்டர்கிட்ட காட்டுனேன். அதைப் பாத்துத்தான் முழு அளவு குடுத்தாங்க."

"தப்பு எம்மேலதான் சாமி. அந்த ரத்தத்தைக் கீழ கொட்டச் சொல்லிருங்க. அதுல ஒண்ணும் கெடையாது."

"கொட்ட மாட்டாங்கம்மா. நடந்தது என்னன்னு எழுதிக் குடுக்கறேன், அப்படியே வெச்சுக்குவாங்க. தப்பு எம்மேலயும் இருக்கு. நீங்க உக்காருன்னா உக்காந்து, ஆரஞ்சு சாப்பிட்டுட்டு எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நீங்க வேற என்னதான் சொல்வீங்க? இனிமே நான் விருந்தாளி இல்லம்மா. எனக்கு வாங்க சொல்லாதீங்க. என்னைப் பாத்ததும் மொதல்ல ஒடம்பு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

ஒரு மனுஷியைப் பார்த்து வாங்க சொல்லாமல் இருப்பதா? அடுத்த நாள் காலை அவள் வந்தாள். வாய் வரை வந்ததை விழுங்கினேன், ஆனால் வேறு ஒன்றும் வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "ராத்திரி பேதி ஆச்சு. பொடவையில." சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. அவள் எழுதிக்கொண்டு, மருந்துக்குச் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

மல்லிகாவுக்கு நாலாவது சுற்றிலேயே அளவைக் குறைத்திருந்தார்கள். அவள் காலில் எறும்பு ஊர்வது நின்றுவிட்டது, கடையில் மறுபடி தோசை ஊற்றுகிறாள். அன்று கிளம்பும்போது கனத்த சாக்ஸ் ஒரு ஜோடியை என் கட்டிலில் வைத்தாள். ரயில்வேயில் இருந்த தன் வீட்டுக்காரருடையது என்றாள்.

"கால்ல எப்பவும் போட்டுக்கங்கக்கா. சூடோ முள்ளோ உங்களுக்குத் தெரியாது."

நான் அவளைப் பற்றிப் பேசியதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கும். எனக்கும் நினைவிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே சாக்ஸை வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்துவிட்டது. ஸ்கேனில் நோய் இல்லை என்கிறார்கள். கை பாதி திரும்பியிருக்கிறது, கால் திரும்பவில்லை. ஆராய்ச்சியில் இருப்பவர்களைச் சில மாதம் கழித்து வீட்டுக்கே வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். போன வாரம் ரேவதி வந்தாள். மாலை நேரம், நான் செவலைக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு காம்பை மட்டும் மெதுவாகப் பழகிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் குவளையைப் பிடித்திருந்தார். கேட்டுக்கு வெளியே அவள் பையோடு நின்றாள். நின்றவள் உள்ளே வரவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "இருங்க" என்றேன்.

"ரெண்டு காலும் கணுக்கால் வரைக்கும் செத்துத்தான் கெடக்குது, சாமி" என்று அங்கிருந்தபடியே உரக்கச் சொன்னேன். "கண்ணை மூடினா நிக்க முடியல, சாயறன். சோத்துக் கை பரவாயில்ல. பீச்சாங் கையில சுண்டு விரலும் மோதிர விரலும் தெரியல. கொக்கி மேல ரெண்டு நானே போடறன், கீழ போட வரல, இவருதான் போடறாரு. பேதி நின்னுருச்சு. சில நாள் காரணமே இல்லாம அழுவாச்சி வருது."

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. முகம் எரிந்தது. ரேவதி வெயிலில் நின்றபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

"வந்த புள்ளையை வாசல்ல நிக்க வெச்சுட்டு என்ன பேச்சு இது" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவருக்கு அவமானம்.

"அவ்வளவுதானாம்மா?" என்றாள் ரேவதி.

யோசித்துப் பார்த்தேன். "அவ்வளவுதான்" என்றேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்தேன்.

"இப்ப வாங்க, சாமி."